தூக்கியவர்கள்

2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஓர் இரவு. இஷாத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, கேற்றடியில் என் பழைய மாணவன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றான். ஆறாம் ஏழாம் வகுப்புகளில் என்னிடம் தமிழ் படித்தவன். வகுப்பில் வாய் ஓயாத பிள்ளை. அன்று ஸலாம் சொன்னதோடு சரி. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. வாசற்படியிலேயே குந்திக்கொண்டான். என் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போகும்வரை தொடவில்லை. கடைசியில், "சேர், நித்திர வருதில்ல. கண்ண மூடினா தண்ணிக்குள்ள கையில என்னவோ தட்டுப்படுது" என்றான்.

அவன் எதைச் சொல்கிறான் என்பது எங்கள் பகுதியில் எவருக்கும் விளங்கும். அதற்குச் சில நாட்களுக்கு முன், நவம்பர் 26 ஆந் திகதி, நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம், காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளிக்கு அருகே வெள்ளத்தில் அள்ளுண்டு போனது. சிலர் காப்பாற்றப்பட்டார்கள். ஆறு மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் மௌத்தானார்கள். மையித்துகளைத் தேடியெடுக்க நாட்கள் சென்றன. படையினரோடு சேர்ந்து நெஞ்சளவு தண்ணீரில் இறங்கித் தேடியவர்கள் சுற்றியுள்ள ஊர்களின் பொடியன்கள்தான். அவர்களில் இவனும் ஒருவன். யாரும் அனுப்பிப் போனவனல்ல. செய்தி கேட்டதும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போனவன்.

அவன் சொன்னதை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் எனக்குள்ளேயே கேட்டேன். பிறகு வேறு சிலரின் வாயால் கேட்டேன். அவனுக்கு அன்றிரவு என்ன சொன்னேன் என்பதற்கு முன், அந்த இருபது வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

*

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும்கூட. எனக்கு அப்போது 22 வயது. தொண்டர் ஆசிரியராகப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு மருதமுனையில் பிரதான வீதிக்கு மேற்கே இருந்தது. அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். வீதிக்குக் கிழக்கே, கடலைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகளில் என் வகுப்புப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள்.

எட்டரை மணி தாண்டியிருக்கும். "கடல் வருது" என்று கத்திக்கொண்டு சனம் மேற்கே ஓடிவந்தது. நாங்கள் சிலர் கிழக்கே ஓடினோம். இதைத் துணிச்சல் என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். கடல் வருவதென்றால் என்னவென்று விளங்காமல் ஓடினோம் என்பதே உண்மை. சுமாத்திராவுக்கு அருகே பூமி குலுங்கியதும், ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்கள் கரைக்கு வந்ததும் பிறகு ரேடியோவில் கேட்ட விசயங்கள்.

அன்று எங்கள் பக்கம் தீயணைப்புப் படை வரவில்லை, ஹெலிகொப்டர் வரவில்லை. வந்தவர்கள் அயல்வீட்டார். நிலையோடு பெயர்ந்து கிடந்த கதவுப் பலகைகளில் வைத்துத் தூக்கினோம். பன்பாயில் சுற்றித் தூக்கினோம். பிறகு சம்மாந்துறைப் பக்கமிருந்து உழவு இயந்திரங்கள் பெட்டியோடு வந்தன. கபன் துணி நண்பகலுக்குள் தீர்ந்துவிட்டது. எங்கள் ஊர் நெசவூர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லாத நேரம். விற்பனைக்கென்று மடித்துவைத்திருந்த புதுச் சாரன்களை நெசவுக்காரர்கள் அடுக்கடுக்காகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெருநாளைக்கு உடுக்கவேண்டியதில் சுற்றி அடக்கினோம். இன்றும் கடையில் புதுச் சாரன் விரித்துக் காட்டும்போது அந்தப் பசை மணத்துக்கு நான் ஓர் அடி பின்னால் நகர்ந்துவிடுகிறேன்.

அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் அவ்வளவு இல்லை. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, பாண்டிருப்பு என்று கடலோடு ஒட்டிக்கிடக்கும் ஊர்கள் எல்லாவற்றிலும் அதே வேலைதான் நடந்தது. யார் முஸ்லிம், யார் தமிழர் என்று பார்க்க முதலில் எவருக்கும் தோன்றவில்லை. பிறகு அடக்கும் நேரம் வந்தபோது பார்க்க வேண்டியதாயிற்று. தாலி இருந்தால் ஒரு பக்கம், கையில் தாயத்து இருந்தால் இன்னொரு பக்கம். எதுவும் இல்லாதவர்கள் பலர். பாண்டிருப்பிலிருந்து அக்காவைத் தேடிக்கொண்டு வந்த ஒரு தம்பி, அவரைக் காணாமல், எங்களோடு நின்று அந்திவரை தூக்கினான். அக்காலத்தில் பொழுதுபட்டால் ஓர் ஊரார் மற்ற ஊருக்குள் போக யோசிப்பார்கள். அவனுடைய அப்பா வந்துதான் கூட்டிப்போனார். மறுநாள் விடிய மீண்டும் வந்து நின்றான்.

அந்த மறுநாள்தான் நான் அந்தப் பிள்ளையைத் தூக்கினேன். மூன்று, நான்கு வயது இருக்கும். மஞ்சள் சட்டை. அதில் வேறொரு பூத்துணியால் சின்னதாக ஒரு பொக்கற் வைத்துத் தைத்திருந்தது. பெரியவர்களைத் தூக்க நான்கு பேர் வேண்டும். அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. உறங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். தேடி யாரும் வரவில்லை. நோய் பரவப்போகிறது, கெதியாக அடக்குங்கள் என்று எல்லாப் பக்கமும் அவசரப்படுத்தினார்கள். பெயர் தெரியாதவர்களோடு சேர்த்து அடக்கினோம்.

*

பிறகு உலகம் வந்தது. வெள்ளை வாகனங்கள், கூடாரங்கள், தண்ணீர்த் தாங்கிகள். உளவளத்துணை என்ற சொல்லை எங்கள் சனம் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். பிள்ளைகளுக்குக் கடதாசியும் வர்ணப் பென்சிலும் கொடுத்துக் கடலை வரையச் சொன்னார்கள். நல்ல மனதோடு வந்தவர்கள்தான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

ஆனால், எங்களை யாரும் கேட்கவில்லை. பாதிக்கப்பட்டோர் பட்டியல் எழுத வந்தபோது என்னிடம் கேட்கப்பட்டது இரண்டு கேள்வி. வீட்டில் யாரும் மௌத்தா? இல்லை. வீடு உடைந்ததா? இல்லை. "அப்ப அல்ஹம்துலில்லாஹ்" என்று அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்கள். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதான் சொன்னேன். அதோடு எங்கள் கணக்கு முடிந்தது.

அதற்குள் ஒரு சிக்கல் இருந்தது. மூழ்கி மௌத்தானவர்களுக்கு ஷஹீதுடைய அந்தஸ்து உண்டென்று ஆலிம்கள் எடுத்துச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் கண்ணால் கண்டவன். ஜனாஸாவைச் சுமப்பதும் அடக்குவதும் எங்கள்மீது கடமை. அதில் நன்மையும் உண்டு. நன்மை கிடைக்கிற காரியம் செய்துவிட்டு, அது என்னை நோகடிக்கிறது என்று எந்த வாயால் முறையிடுவது? உறவைப் பறிகொடுத்தவன் முன்னால், எனக்கு நித்திரை இல்லை என்று சொல்ல யாருக்கு முகம் வரும்? எங்களுக்கு ஏற்பட்டதற்குப் பெயரும் இல்லை, இடமும் இல்லை. வாயை மூடிக்கொண்டோம்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில்தான் மனவடு என்ற சொல்லை முதலில் படித்தேன். பேராசிரியர் தயா சோமசுந்தரம் தம் தமிழ் நூலுக்கு வைத்த தலைப்பே அதுதான். கல்வி உளவியல் பாடத்துக்கென்று குறிப்பெடுத்தேன். பயங்கரத்தை நேரில் கண்டவருக்கும் வரும், காப்பாற்றப் போனவருக்கும் வரும், பிணங்களைக் கையாண்டவருக்கும் வரும் என்று எழுதிக்கொண்டு, அந்தக் கொப்பியை மூடிவைத்தேன். வகுப்பில் எவரோ ஒருவருக்கு உள்ளதாக நினைத்துத்தான் அதை எழுதினேன்.

*

என் மூத்த மகள் 2008 இல் பிறந்தாள். அவளுக்கு இரண்டு வயது தாண்டிய காலம். நிந்தவூரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் இரவில் வேனில் திரும்பினோம். மகள் என் மடியிலேயே உறங்கிவிட்டாள். வீட்டு வாசலில் இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி வைத்தேன். அவளுடைய கை என் முதுகில் தொங்கி ஆடியது. அவ்வளவுதான். கால் நகரவில்லை. உறங்கும் பிள்ளைக்கு ஒரு பாரம் இருக்கிறது. விழித்திருக்கும் பிள்ளை நம்மைப் பிடித்துக்கொள்ளும். உறங்கும் பிள்ளை முழுப் பாரத்தையும் நம்மிடமே தந்துவிடும். அந்தப் பாரம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாரம். மகளை மனைவியின் கையில் ஏறக்குறையத் திணித்துவிட்டு, வளவின் கோடிக்குப் போய் நின்றேன்.

அதன்பின் உறங்கும் பிள்ளையை நான் தூக்குவதில்லை. முதுகுவலி என்றேன். விழித்திருக்கும்போது விளையாடுவேன், கண் சொருகினால் எழுந்து போய்விடுவேன். ஒருநாள் மனைவி, "இது ஒங்கட புள்ளதானே?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. அழுதுகொண்டு கேட்டார்.

கடற்கரைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. வியாழக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு அங்கே போய் உட்காரும் பழக்கம் எனக்கு. எங்கள் ஊர் மேசன் ஒருவரும் வருவார். அந்த இரண்டு நாளும் நான் தலைமாட்டைப் பிடித்தால் கால்மாட்டைப் பிடித்தவர் அவர். ஆறு வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் கதைத்ததில்லை. மனைவி கேட்ட அந்த வாரம், ஏனென்று தெரியவில்லை, "மச்சான், உறங்குற புள்ளய எனக்குத் தூக்க ஏலாம இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நான் என்ட பொடியன்ட தலையில கை வெக்கிறல்ல. குளிச்சிட்டு வந்தா மற்றப் பக்கம் போயிருவன். ஈரத் தல" என்றார்.

வேறொன்றும் கதைக்கவில்லை. மஃரிபுக்கு வாங்கு சொல்லிவிட்டார்கள், எழுந்து போனோம். அன்றிரவு வருடக்கணக்கில் இல்லாத ஒரு நித்திரை எனக்கு வந்தது. அது குணமல்ல, எனக்குத் தெரியும். அடுத்த கிழமை மறுபடியும் நித்திரை போய்விட்டது. ஆனால், இது எனக்கு மட்டும் உள்ள கோணலல்ல என்பது தெரிந்துவிட்டது.

மெல்ல மெல்ல ஐந்து பேரானோம். பள்ளியில் மையித்துக் குளிப்பாட்டும் ஒரு மூத்தவர். வேன் ஓடுகிற ஒருவர். பாண்டிருப்புத் தம்பி, அவர் அப்போது மின்சார சபையில் கம்பத்தில் ஏறும் வேலை செய்துகொண்டிருந்தார். கூட்டம் கூட்டினதில்லை, பெயர் வைத்ததில்லை. மீன் விலை, பாடசாலை இடமாற்றம், அரசியல் எல்லாம் கதைப்போம். யாராவது ஒருவர் அந்த நாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மற்றவர்கள் கோப்பையைக் கீழே வைத்துவிடுவோம். ஒழுங்குவிதி என்றால் அது ஒன்றுதான். அறிவுரை சொல்வதில்லை. "ஸப்று செய்" என்றுகூட எவரும் சொல்வதில்லை. பொறுமை எங்கள் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய விசயம்! அதை அடுத்தவன் வாயை அடைக்கும் துணியாக எத்தனை தடவை பாவித்திருக்கிறோம் என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

மூத்தவருக்கு இதெல்லாம் புதிதல்ல. 1978 சூறாவளியில் தூக்கியவர். அதற்குப் பிந்திய கெட்ட வருடங்களிலும் தூக்கியவர். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. மையித்துக் குளிப்பாட்டியபின் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். கூட வேலைசெய்தவரையும் போக விடமாட்டார். இருவருமாகக் குளித்துவிட்டுப் பள்ளி ஹவுளடியில் அரை மணி நேரம் இருந்து எதையாவது கதைத்துவிட்டுத்தான் பிரிவார்கள். மார்க்கச் சட்டமா என்று கேட்டேன். "இல்ல மகன். தனிய வீட்ட போனா அதையும் சேர்த்துக் கொண்டுபோவம். அதுக்குத்தான்" என்றார். எந்தக் கலாசாலையிலும் எனக்குப் படிப்பிக்காத பாடம்.

*

இனிச் சொல்லப்போவதை இத்தனை வருடம் எழுதாமல் வைத்திருந்தேன்.

2005 ஜனவரியில், பெருநாளைக்குச் சில நாள் முன்னே பின்னே, ஒரு ராத்தா எங்கள் பக்கம் வீடு வீடாக வந்தார். கையில் ஒரு துண்டுத் துணி. பூப்போட்டது. மகளுடைய மஞ்சள் சட்டைக்குப் பொக்கற் வைத்ததில் மிஞ்சிய துணி அது. அதைக் காட்டித்தான் தேடிக்கொண்டிருந்தார். எனக்கும் காட்டினார். "நீங்க தூக்கினீங்களாமே மகன், இப்பிடி ஒரு புள்ளயக் கண்டீங்களா?"

"இல்ல ராத்தா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பல காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அதை என் வாயால் அணைக்க முடியவில்லை. குழியில் எந்த இடமென்று கேட்டால் காட்ட எனக்குத் தெரியாது. எல்லாம் உண்மை. ஆனால், பயந்துவிட்டேன் என்பதுதான் அடியில் கிடக்கும் உண்மை. அதற்குப் பிறகு அவர் கேள்விப்பட்ட இடமெல்லாம் போனார். எங்கோ ஓர் அநாதை இல்லத்தில் அடையாளம் தெரியாத பிள்ளை இருக்கிறதாம் என்று யாராவது சொன்னால் பஸ் ஏறிவிடுவார். ஆறு வருடம்.

2011 இல் ஒரு வியாழக்கிழமை இதைச் சொன்னேன். கோப்பைகள் கீழே இருந்தன. மேசன் தலையைக் குனிந்துகொண்டார். மூத்தவர் மட்டும், "அவ இப்ப இருக்கிறாவா?" என்று கேட்டார். இருக்கிறா என்றேன். "அப்ப எழும்பு" என்றார்.

அவரும் கூட வந்தார். ராத்தா முன்மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கண் என்னை விட்டு விலகவில்லை. பிறகு கேட்டார்:

"கிப்லாப் பக்கம்தானே மகன் திருப்பி வெச்சீங்க?"

"ஓம் ராத்தா. நான்தான் திருப்பி வெச்சன்." அது பொய்யில்லை.

"பக்கத்துல யாரு?"

"ஒரு பொம்புளப் புள்ள. கொஞ்சம் பெரிய புள்ள."

"அப்ப தனிச்சில்ல."

கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு வருஷம் மகன்" என்றார். அதைத் தவிர வேறு ஏச்சுப் பேச்சு இல்லை. அது போதுமானதாக இருந்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மையவாடிப் பக்கம் அவரைக் கண்டேன். அதற்குப் பிறகு அவர் பஸ் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். உறங்கும் மகளைத் தூக்க எனக்கு அதற்குப் பிறகும் சில மாதங்கள் எடுத்தன.

சில வருடங்களின் பின், வலயக் கல்வி அலுவலகப் பயிற்சியொன்றுக்குப் போனபோது ஒரு கையேடு கண்ணில் பட்டது. அனர்த்தத்தில் இறந்தோரின் உடல்களைக் கையாளும் முதல் உதவியாளர்களுக்கென்று உலக சுகாதார அமைப்பின் அமெரிக்கப் பிராந்தியக் காரியாலயமும் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவும் பிறரும் சேர்ந்து 2006 இல் வெளியிட்டது. இயற்கை அனர்த்தத்தில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை, அந்தப் பயத்தில் அவசரப்பட்டு மொத்தமாகப் புதைக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் இலக்கம், ஒரு படம், உடுப்பின் குறிப்பு, புதைத்த இடத்தின் குறிப்பு. இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். நான் ஓர் ஆசிரியர். என் சட்டைப் பையில் அன்றும் பேனை இருந்தது. மஞ்சள் சட்டை, பூத்துணிப் பொக்கற் என்று ஒரு கடதாசியில் எழுதியிருக்கலாம். விரைவாக அடக்குவது எங்கள் ஸுன்னத். எனவே அந்த அவசரம் எங்களுக்குப் பிழையாகத் தோன்றவில்லை. இன்றும் பிழை என்று சொல்ல வரவில்லை. எழுதி வைத்திருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

*

எங்கள் வியாழக்கிழமைகளைப் பற்றி அதிகம் பெருமை பேசிவிடக் கூடாது. வேன்கார நண்பருடைய விசயத்தில் நாங்கள் தோற்றோம்.

2013 அளவில் அவர் வரவு குறைந்தது. ஹயர் கூடிவிட்டது என்று நினைத்தோம். வீட்டில் உறங்காமல் வேனுக்குள் உறங்குகிறார் என்று தெரிந்தபோது பகிடி பண்ணினோம். பிள்ளைகளை அடிக்கிறார் என்று கேள்விப்பட்டபோதுதான் யோசித்தோம். ஆனாலும், நாலு வார்த்தை கதைத்தால் சரியாகிவிடும் என்று நம்பினோம். எங்களுக்கு அது உதவியதே! வீட்டார் ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போய் நூல் கட்டினார்கள். நாங்கள் தடுக்கவில்லை. ஓதுவதில் பிழையில்லை, ஓதுவதோடு நின்றதுதான் பிழை. ஒரு சுபஹ் நேரம் அவருடைய மனைவியின் அழைப்பு வந்தது. தன்னை முடித்துக்கொள்ளப் பார்த்திருக்கிறார். அல்லாஹ்வின் காவல், பிழைத்துக்கொண்டார்.

கல்முனைக்கு வெளியேதான் போகவேண்டும் என்று குடும்பம் பிடிவாதமாக நின்றது. ஊரார் கண்ணில் படாமலிருக்க மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனோம். எங்கள் சனத்துக்கு மனநல வைத்தியம் என்றால் அங்கொடைதான் ஞாபகம் வரும். ஏசுவதற்கே அந்த ஊர்ப் பெயரைப் பாவித்தவர்கள் நாம். அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு இப்போது தேசிய மனநல நிறுவகம் என்று பெயர். 1926 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்துக் கதைக்கலாம். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005 இலேயே, ஊர்மட்டத்துக்குச் சேவையைக் கொண்டுவரும் தேசிய மனநலக் கொள்கை ஒன்று வந்திருந்தது. எங்கள் காதுக்கு அது எட்ட எட்டு வருடமும் ஓர் ஆபத்தும் தேவைப்பட்டன.

மாத்திரையும் கிளினிக்குமாக இரண்டு வருடத்துக்கு மேல் சென்றது. ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருவர் கூடப்போனோம். அதிகமாகப் போனவர் பாண்டிருப்புத் தம்பிதான். லீவு போட்டுவிட்டு வருவார். இப்போது நண்பர் மறுபடியும் பாடசாலை வேன் ஓடுகிறார். யாருக்காவது சுகமில்லை என்று கேள்விப்பட்டால் அவரே ஏற்றிக்கொண்டு கிளினிக்குக் கூட்டிப்போய், பெயர் கூப்பிடும்வரை வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஊரார் கண்டால், "நானும் இஞ்சதான் மருந்தெடுத்த" என்று சத்தமாகவே சொல்வார்.

இதை நாங்கள் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். பிறகு தேடிப் படித்தபோது உலகம் இதில் நிறைய அடிபட்டிருக்கிறது என்று தெரிந்தது. அமெரிக்காவில் தீயணைப்பு வேலை செய்த ஜெஃப்ரி மிச்செல் என்பவர் 1983 இல் ஒரு முறையை எழுதினார். பெரிய விபத்துக்குப் போய்வந்த ஊழியர்களைச் சில நாட்களுக்குள் கூட்டி உட்காரவைத்து, கண்டதையெல்லாம் சொல்ல வைப்பது. உலகெங்கும் பரவியது. ஆனால், நடந்ததை ஒரே இருப்பில் சொல்லவைத்து அனுப்பிவிடுவதால் நோய் தடுக்கப்படுவதில்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்று 2002 இல் வந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. 2011 இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், எவரையும் வற்புறுத்திச் சொல்லவைக்காதே, சொல்ல வந்தால் கேள், தேவையான உதவியோடு தொடுத்துவிடு என்கிறது. 2001 செப்டம்பர் 11 இல் 343 பேரை இழந்த நியூயோர்க் தீயணைப்புப் படையில், உளவளத்துணையாளரோடு சக வீரர்களையும் ஓய்வுபெற்ற வீரர்களையும் சேர்த்தே அனுப்பினார்கள். நெருப்புக்குள் போனவனிடம்தான் நெருப்புக்குள் போனவன் வாய் திறப்பான். எங்கள் மூத்தவரின் ஹவுளடி அரை மணி நேரத்தை அவர்கள் சம்பளம் கொடுத்து நடத்தினார்கள் என்று சொல்லலாம்.

அவர் 2018 இல் மௌத்தானார். குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். அன்று நாங்கள் நால்வரும் ஹவுளடியில் இருந்தோம். 2021 மார்ச்சிலிருந்து ஓட்டமாவடி மஜ்மா நகரில், ஒரு வருடமாக எரிக்கப்பட்டுவந்த எங்கள் ஜனாஸாக்களுக்கு மண் கிடைத்தபோது, நாடெங்குமிருந்து வந்த 3,000 க்கு மேற்பட்ட உடல்களை முகக்கவசத்துக்குள் வியர்த்தபடி அடக்கிய அந்த ஊர்ப் பொடியன்களை நினைத்து நான் அவரைத்தான் தேடினேன். எல்லா மதத்தவரும் அந்த மண்ணில் இருக்கிறார்கள். அந்தப் பொடியன்களிடம் வேலை முடிந்தபின் யாராவது உட்கார்ந்து கதைத்தார்களா?

*

வாசற்படியில் உட்கார்ந்திருந்த மாணவனிடம் அன்றிரவு நான் அதிகம் சொல்லவில்லை. எத்தனை நாளாக உறக்கமில்லை, சாப்பிடுகிறானா, வீட்டில் யாரிடம் சொன்னான் என்று மட்டும் கேட்டேன். உம்மாவிடம் சொல்லவில்லையாம். உம்மா, பெரிய நன்மையான வேலை செய்தாய் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். பிறகு எப்படிச் சொல்வது என்றான். இரண்டு கிழமைக்குள் உறக்கம் திரும்பாவிட்டால் கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஒருவர் இருக்கிறார், அவருடைய வேனிலேயே போகலாம் என்று சொன்னேன். அதற்கு முன்னால் வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வரச் சொன்னேன்.

வந்தான். மழை விட்டிருந்தது. கடல் மண்ணிறமாகக் கிடந்தது. சுனாமியின் இருபதாவது வருடத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. மேசனும் வேன்காரரும் பாண்டிருப்புத் தம்பியும் நகர்ந்து வாங்கில் இடம்விட்டார்கள். பெயர் என்ன, யாருடைய மகன் என்ற வழமையான விசாரணை முடிந்தது. கொஞ்ச நேரம் எவரும் கதைக்கவில்லை. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேசன்தான் கேட்டார்.

"எந்தப் பக்கம் பிடிச்ச மகன்?"

"கால்மாட்டுப் பக்கம்."

"நானும் கால்மாடுதான்" என்றார் மேசன். தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு பிளேன்டீக்குக் கடைக்காரருக்குக் கை காட்டினார்.